தீ இல்லை

பேட்டரி மாற்றத்தான் போனேன்.
அரை மணி வேலை என்று அனுப்பினார்கள்.
ஒயர்லெஸ் செட்டின் வயிற்றைத் திறந்தால்
உள்ளே எறும்புக் குடித்தனம்,
முனைகளில் பச்சையாய்ப் பூத்த உப்பு.
சுரண்டி முடிப்பதற்குள்
கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் போகும் கடைசி பஸ்
காட்டு வளைவில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப்
போய்விட்டது.

"மேல படுத்துக்கங்க" என்றார் வைரக்கண்ணு.
நாற்பத்திரண்டு படி.
எட்டுக்கு எட்டுத் தகர அறை.
ஒரு பாய், ஒரு குடம், ஒரு பைனாகுலர்,
அதில் இடது கண் மட்டும் தெரியும்.
தீக்காலம் முடியும்வரை அவருக்குத் தினக்கூலி.
மாசிக் கூலி இன்னும் வரவில்லை.
இது சித்திரை.

கருவாட்டைக் கீழே இறங்கித்தான் சுட்டார்,
மணலில் குழி பறித்து.
சுட்ட பின் குழியில் மூன்று செம்பு தண்ணீர்.
உள்ளங்கையால் தடவிப் பார்த்து
இன்னும் ஒரு செம்பு.
சைக்கிளில் கேன் கட்டி வரும் குடிதண்ணீர் அது.

இருட்டியதும் காடு தட்டையாகிவிட்டது.
கலங்கரை விளக்கம் எண்ணி எண்ணி வீசியது
கஞ்சனின் கை போல.
மேற்கே உப்பளங்கள்
நிலவில்லாமலே வெளுத்துக் கிடந்தன.
என் போன் அதிர்ந்தது:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
"ராத்திரியில அப்படித்தான் சொல்லும்.
நம்பிப் போயிடாதீங்க."

அவர் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.
காயும் நெல்லில் கால் துழாவி நடப்பது போல
கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்.
"உத்துப் பார்த்தா எல்லாமே தீயாத்தான் தெரியும்."
கஜா சாய்த்த மரங்கள்
இன்னும் கீழே கிடக்கின்றன,
ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் எடை குறைந்து.
கச்சான் சற்று ஓங்கினால்
பேச்சை நிறுத்தி மூக்கைத் திருப்புகிறார்.

ஒரு மணிக்கு
நான்கு திசையையும் என்னிடம் விட்டுவிட்டுக்
கண் அயர்ந்தார்.
திசை இவ்வளவு பெரிது என்று
பேட்டரிக் கடையில் யாரும் சொன்னதில்லை.

அப்போது பார்த்தேன்.
வடமேற்கே, வானம் தரையைத் தொடும் இடத்தில்
செம்மஞ்சளாய் ஒன்று
குனிந்தது. நிமிர்ந்தது.
அணையவில்லை.
"அண்ணே! தீ!"

அவர் பைனாகுலரைத் தொடவே இல்லை.
"அது கிணத்துத் தீ. எண்ணெய்க் கிணறு.
குழாய் முனையில கேஸ் எரியுது.
நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எரியுது.
அதுக்கு லைசென்ஸ் இருக்கு."
திரும்பிப் படுத்தவர்
கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து:
"முதல் வருசம் நானும் எழுதினேன்.
ரேஞ்சர் சிவப்பு மையில அடிச்சிட்டாரு."

உற்றுப் பார்க்கக் கூடாது என்பது மறந்து
விடியும்வரை அதையே பார்த்தேன்.
அதனடியில் யாருடைய வயலோ இருக்கும்,
உளுந்து பிடுங்கிய தரை,
ஓரத்தில் ஒரு வீடு.
அந்த வீட்டுச் சேவல்
எப்போது கூவும்?

ஐந்தரைக்குத் தொட்டியில் தண்ணீர் குடிக்க
மட்டக்குதிரைகள் வந்தன, யாருடையதும் அல்லாதவை.
ஒதுங்கி நின்றது ஒரு வெளிமான்,
முறைக்குக் காத்திருப்பதாக.

வைரக்கண்ணு நோட்டை நீட்டினார்.
"முழிச்சிருந்தது நீங்க. நீங்களே எழுதுங்க."
பக்கம் பக்கமாய் அதே இரண்டு சொல்.
'தீ'யின் சுழி மட்டும்
மாசியைவிடப் பங்குனியில் நீளம்,
பங்குனியைவிடச் சித்திரையில்.

தேதி எழுதினேன். நேரம் எழுதினேன்.
காற்று: தென்மேற்கு, லேசாக.
பேனா வடமேற்கில் கொஞ்சம் நின்றது.
தீ இல்லை.

ஒயர்லெஸ் கரகரத்து உயிர் பெற்றது.
"டவர், டவர், சத்தம் எப்படி இருக்கு?"
"கணீர்னு கேக்குதுங்கய்யா" என்றார்,
பட்டனை விடாமல்,
"அய்யா, அந்த மாசி மாசத்துக் கூலி..."

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.
பேட்டரி புதுசு.
நானே மாற்றியது.